கை தெரியாத செய்தி

ருமானாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மதுரை காஜிமார் தெருவில் ஷாநவாஸ் என்பவரின் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். விலைக்கு மென்பொருள் வாங்க அங்கே வழியில்லை. அதனால், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்ட இலவச மென்பொருள்களிலேயே தொழில் பழகியவள்.

ஊர் கேபிள் சேனலில் தினமும் சாயங்காலம் நகரச் செய்தி வரும். எந்த வார்டுக்கு என்றைக்குத் தண்ணீர், எங்கே கரண்ட் இருக்காது, எங்கே கண் முகாம் என்று உள்ளூர்ச் சங்கதிகள். காது கேளாதோர் சங்கத்தார் நடையாய் நடந்த பிறகு, சேனல்காரர் பேச்சிமுத்து திரையின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டத்தை ஒதுக்கினார். ருமானாவின் தங்கை நிலோபர் காது கேட்பவள். அந்தக் கட்டத்துக்குள் நின்று சைகை மொழியில் செய்தி சொன்னாள். சங்கத்தில் அன்றைக்கு ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்தார்கள்.

ஆடித் தள்ளுபடி வந்தது. ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் திரையின் அடிப்பாகம் முழுக்க ஓட ஆரம்பித்தது. நிலோபரின் முகம் மட்டும் தெரிந்தது. கைகள் பட்டுச் சேலைகளுக்குப் பின்னால் போய்விட்டன. செய்தி வாசிப்பவரின் குரலை இப்படி ஒருநாள் அடைத்திருந்தால் ஊரே சேனலுக்குப் போன் போட்டிருக்கும்.

ருமானா தங்கையைக் கூட்டிக்கொண்டு நேரே சேனலுக்குப் போனாள். பேச்சிமுத்து மரியாதையாகத்தான் நடத்தினார், டீ வாங்கித் தந்தார். பேச்செல்லாம் நிலோபரிடம்தான். கேட்க வந்தவளின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சாஃப்ட்வேர்ல அம்புட்டுத்தான் இடம் இருக்கும்மா. கட்டத்தைப் பெருசாக்க முடியாது."

நிலோபர் அதைச் சைகையில் சொல்லி முடிப்பதற்குள் ருமானா அவர் தோளுக்குப் பின்னாலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டாள். அவள் தினமும் ஸ்டுடியோவில் திறக்கும் அதே இலவச மென்பொருள். எழுந்துபோய் மவுஸைப் பிடித்தாள். கட்டத்தின் ஓரத்தை இழுத்தாள். அது பாதித் திரைக்கு விரிந்தது. விளம்பரத்தை மேலே தூக்கி வைத்தாள். அறையிலிருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

பேச்சிமுத்து சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார். கடைக்காரர் அடியில்தான் கேட்டிருக்கிறார் என்றார். பிறகு, "இதை எம்புட்டுப் பேரும்மா பாக்குறாக?" என்றார். முடியாது என்று சொன்னது பொய் என்று தெரிந்துபோனதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. 

ஐப்பசி மழையில் ஆற்றில் தண்ணீர் திறந்துவிடப் போவதாகவும், தரைப்பாலத்தில் யாரும் இறங்க வேண்டாம் என்றும் செய்தியில் அறிவித்தார்கள். சங்கத்து உறுப்பினர் அழகுபாண்டி மூட்டை தூக்குபவர். அவரும் டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆடித் தள்ளுபடி போய்த் தீபாவளி விளம்பரம் வந்திருந்தது; நிலோபரின் கைகள் அப்போதும் அதற்குப் பின்னால்தான். மறுநாள் காலை வேலைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கினார். பாதிப் பாலத்தில் வெள்ளம் வந்து அடித்தது. கரையில் நின்றவர்கள் கத்திய கத்து அவருக்கு எப்படிக் கேட்கும்? ஓரக் கல்லைப் பிடித்துக் கிடந்தவரைக் கயிறு போட்டு இழுத்தார்கள். உயிர் பிழைத்தது, தொடை எலும்பு முறிந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் படுத்தபடி அவர் ருமானாவிடம் கைகளால் சொன்னார்: "நிலோபர் முகத்தைப் பாத்தப்பவே ஏதோ கெட்ட சேதின்னு தெரிஞ்சுச்சு. என்னன்னுதான் தெரியல."

அங்கிருந்து அக்காவும் தங்கையும் மறுபடி பேச்சிமுத்துவிடம் போனார்கள். தண்ணீர் வருகிற நேரத்தில் அந்த ஆள் ஏன் இறங்கினார் என்று கேட்டார் அவர். நிலோபர், "நாளையிலிருந்து நான் வரலண்ணே" என்றாள்.

ருமானா ஷாநவாஸிடம் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு ஸ்டுடியோவைக் கேட்டாள். அவர் தயங்கினார், கரண்டு பில்லைச் சொன்னார், கடைசியில் சாவியைக் கொடுத்தார். அதே இலவச மென்பொருளில் திரையை நேர்பாதியாகப் பிரித்தாள்: ஒரு பக்கம் மாநகராட்சி அறிவிப்புகளிலிருந்து திரட்டிய செய்திப் படம், மறுபக்கம் தலை முதல் இடுப்பு வரை நிலோபர். இணையத்தில் நேரலையாக அனுப்பினாள். மேலூரிலும் திருமங்கலத்திலும் காது கேளாதவர்கள் வீடுகளில் பார்த்தார்கள். பசுமலைப் பக்கம் கேபிள் நடத்தும் விருமாண்டி, தன்னிடம் சும்மா கிடந்த ஒரு சேனலில் அதை ஓட்டினார்.

ஆள்கள் பார்க்கத் தொடங்கியதும் பேச்சிமுத்து போன் செய்தார். தானும் இதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றுதான் நிலோபர் சொல்ல நினைத்தாள். ருமானாவின் கைகள் வேறு மாதிரி சொல்லின.

"எடுத்துக்கச் சொல்லு. எங்கயும் மறைக்கக் கூடாது. மறைச்சா சங்கமே அவர் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காரும்."

இப்போது ஊர் சேனலிலும் அது முழுசாக வருகிறது. காது கேளாதவர்களுக்கு முதன்முதலில் செய்தி கொடுத்தது நாங்கள்தான் என்று பேச்சிமுத்து மேடையில் பேசுகிறார். அழகுபாண்டியால் இன்னும் மூட்டை தூக்க முடியவில்லை. அவரை ஒரு தடவைகூடப் பேச்சிமுத்து போய்ப் பார்க்கவில்லை.