ரித்சுகோவின் மைக்கில் கேட்ட டிரம்ஸ்

அமகாசாகியில் பள்ளிக்கூடச் சமையல்கூடத்து அண்டாவில் மிசோ சூப் கிண்டுகிற நத்சுயேயைப் பார்த்தால், ஒரு காலத்தில் மேடையில் பேஸ் கிட்டார் வாசித்தவள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவளும் சொல்லிக்கொள்வதில்லை. கடைத்தெரு ஒலிபெருக்கியில் எப்போதாவது அந்தப் பழைய பாட்டு வந்துவிட்டால் மட்டும், காய்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பாள். பாட்டுக்குப் பின்னால் இன்னொரு டிரம்ஸ் அவள் காதில் கேட்கும். இசைத்தட்டில் அது கிடையாது. அதை அழிக்கச் சொன்னதே அவள்தான்.

அவர்கள் மூன்று பெண்கள். ரித்சுகோ கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுவாள், நத்சுயே பேஸ், குமி டிரம்ஸ். குமியின் அம்மா நடத்திய சலவைக்கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அதன் பின்கட்டில்தான் வாசித்துப் பழகினார்கள். குழுவுக்கு ‘ஞாயிறு சலவை’ என்றே பெயர் வைத்தார்கள். எண்பத்தாறில் ஒசாகா கம்பெனி ஒன்று அவர்களைக் கூப்பிட்டது. ஊரில் எல்லாரும் தனித்தனியாக நின்று பதிவு செய்வார்கள். இவர்களுக்கு அது வரவே இல்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காவிட்டால் கை ஓடாது. அதனால் ஒரே அறையில் உட்கார்ந்து, பாட்டும் வாத்தியமுமாகச் சேர்ந்தே பதிவு செய்தார்கள். கடைசி நாள் குமி முரண்டு பிடித்தாள்.

“நத்சு, கடைசிச் சரணத்துல நான் இழுத்துட்டேன்டி. இன்னொரு வாட்டி வாசிச்சிடலாம்.”

“போதும் தாயே, நல்லாத்தான் இருக்கு. மழை வரப்போகுது, போய் ரயிலைப் பிடி.”

குமி ரயிலைப் பிடித்தாள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில், மழையில் அவள் ஸ்கூட்டர் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டது.

கம்பெனியின் ஓகிதா, துக்கம் விசாரித்த கையோடு விஷயத்துக்கு வந்தார்.

“டிரம்ஸ் தள்ளாடுதும்மா. வேற ஆளை வெச்சு வாசிக்க வெக்கணும், இல்லேன்னா ஆல்பமே கிடையாது. அட்டையில அந்தப் பொண்ணு பேரே இருக்கட்டும், நான் மாத்தலை.”

கம்பெனிக்காரர் அகராதியில் அதற்குப் பெயர் பெரிய மனசு. நத்சுயே நூடுல்ஸ் ஆலை வேலையை விட்டுவிட்டு வந்தவள். ரித்சுகோவை வீட்டில் தலைமுழுகியிருந்தார்கள். ஆல்பம் போனால் இருவருக்கும் போக்கிடம் இல்லை. நத்சுயே தலையாட்டினாள். ஓர் இளைஞன் வந்தான், அன்றைக்கே வாசித்து முடித்துவிட்டுப் போனான். நாடாவில் குமி வாசித்த தடத்தின் மேல் அவன் வாசிப்பு ஏறியது, குமி அழிந்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில் குமியின் அம்மா நத்சுயேயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்பொண்ணு வாசிச்சது தட்டுல வருதுல்ல?”

“வருதும்மா. அவதான்.”

வாய் தவறி வந்த பொய் இல்லை அது. வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது.

மறுவாரம் ஒலிப்பதிவாளர் இருவரையும் அழைத்தார். ரித்சுகோவின் குரலை மட்டும் தனியாக ஓடவிட்டார். அவள் மூச்சு வாங்குகிற இடங்களிலெல்லாம் தூரத்தில் குமி வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு முன்னால், “ஒண்ணு, ரெண்டு” என்று அவள் எண்ணுவதுகூடக் கேட்டது. பக்கத்து அறைக் கதவைத் திறந்தால் உட்கார்ந்திருப்பாள் போலிருந்தது. ரித்சுகோ காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரே ரூம்ல பாடினீங்கல்ல, பாட்டு மைக்குல இதுவும் ஏறிடுச்சு. புது டிரம்ஸோட மோதுது,” என்றார் ஒலிப்பதிவாளர். “தனியா நின்னு மறுபடி பாடிட்டா போயிடும்.”

ரித்சுகோ நத்சுயேயைப் பார்த்தாள். “நீ சொல்லு. வேணாம்னா நான் பாடலை. ஆல்பம் நாசமாப் போகட்டும்.”

இழுத்துவிட்டேன் என்று குமியே சொன்னாளே, அவளுக்கே பிடிக்காததுதானே என்று நத்சுயே யோசித்தாள். அது உண்மைதான். நல்ல சாக்கும்கூட.

“பாடுடி,” என்றாள்.

முதல் இசைத்தட்டைக் குமியின் படத்துக்கு முன்னால் வைத்து ஊதுவத்தி ஏற்றினார்கள். பிறகு அம்மா அதை எடுத்து ஓடவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பாட்டுவரை கேட்டார்.

“நல்லா வாசிச்சிருக்கா,” என்றார்.

அதற்குப் பிறகு கடையில் தினமும் அந்தத் தட்டுதான். துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், “டிரம்ஸ் எம்பொண்ணு,” என்பார். இரண்டாவது ஆல்பத்தோடு குழு கலைந்தது. ரித்சுகோ கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள். நத்சுயே மட்டும் ஒவ்வோர் ஆண்டும் குமி இறந்த நாளில் அந்த வீட்டுக்குப் போவாள். அம்மா தட்டைப் போடுவார். அறையில் ஒரு டிரம்ஸ், நத்சுயேயின் காதில் இரண்டு. பின்னால் வருவது கடைசிச் சரணத்தில் இழுக்கும். அவள் தேநீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

போன ஆண்டு கடையை மூடிவிட்டிருந்தார்கள். அம்மா படுக்கையில் இருந்தார். தட்டைப் போடச் சொல்லவில்லை.

“நத்சு, ஒண்ணு கேக்கணும். அதுல வாசிச்ச பிள்ளை யாரு?”

நத்சுயே குமியின் படத்தைப் பார்த்தாள்.

“அவ கை இல்லைன்னு அன்னிக்கே தெரியும்மா. நீ அவ்வளவு பிரியமாப் பொய் சொன்னே, எப்படிக் கேக்கறது? யாரு பெத்த பிள்ளையோ, எம்பொண்ணு பேர்ல இத்தனை வருஷமா வாசிச்சிக்கிட்டிருக்கு. போறதுக்குள்ள ஒரு நன்றி சொல்லணும். பேரு என்ன?”

நத்சுயே வாயைத் திறந்தாள். அன்றைக்கு அந்த இளைஞன் அவள் முன்னால் குனிந்து வணங்கித் தன் பெயரைச் சொல்லியிருந்தான். குமியின் நாற்காலியில் உட்காரப்போகிறானே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பெயர் அவள் காதில் விழவே இல்லை.