எங்கள் ஆள் வரமாட்டார்

மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் புல்வெளியில், எங்கள் மேலாளர் முழுக்கைச் சட்டைக்கு மேலேயே ஓர் ஆரஞ்சு நிற டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தைப் பெரிய வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாங்கியிருந்தது. அதற்கான விருந்து அது. டி-ஷர்ட்டில் புதிய முதலாளியின் பெயர். கடல்காற்றில் உப்பிக்கொண்டே இருந்த அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, மறுகையால் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்தார். “இனிமே நம்மள யாரும் அசைக்க முடியாதும்மா” என்றார் என்னிடம். தொண்ணூறுகளின் கடைசி. நானும் அப்படித்தான் நம்பினேன்.

தொழிற்சாலை, மருத்துவமனை, கல்லூரி என்று பெரிய இடங்களில் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பதும், அந்த இணைப்பு நின்றுபோனால் சரிசெய்வதும் எங்கள் தொழில். கிளை செங்கல்பட்டில். புகார்களைத் தொலைபேசியில் கேட்டு ஆள் அனுப்புவது என் வேலை. அதற்காக நாங்கள் விற்ற இணைப்புப் பெட்டிகள் போட்டி நிறுவனத்தின் பெட்டிகளைவிட உசத்தி என்று சொல்ல மாட்டேன். காலையில் கூப்பிட்டால் மதியத்துக்குள் எங்கள் ஆள் அங்கே நிற்பார். அதற்காகத்தான் எங்களிடம் வந்தார்கள்.

புதிய முதலாளி அடுத்து இன்னொரு நிறுவனத்தையும் வாங்கினார். அதுவும் எங்களுடையதைப் போன்ற பெட்டிகளையே செய்தது. இரண்டில் எது நிற்கும், எது போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுடையதுதான் போகப்போகிறது என்று போட்டி நிறுவனத்தார் வாடிக்கையாளர்களிடம் முந்திக்கொண்டு சொன்னார்கள். ஆர்டர்கள் நின்றன. பழுதுபார்ப்பவர்களில் பாதிப் பேரை நிறுத்தும்படியும், சம்பளம் அதிகமுள்ளவர்களிடமிருந்து தொடங்கும்படியும் தலைமையகம் சொன்னது.

மேலாளர் ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்தார். மூத்த பொறியாளர் கருங்குழிக்காரர். அவர் போனபோது கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

“நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?”

“தப்பு ஒண்ணும் இல்லப்பா. சம்பளம் ஜாஸ்தின்றாங்க.”

“ஏத்திக் குடுத்ததே நீங்கதான சார்.”

கொஞ்ச நாளில் கருங்குழிக்காரரைப் போட்டி நிறுவனம் எடுத்துக்கொண்டது.

எங்களிடம் மிஞ்சியிருந்த பெரிய வாடிக்கையாளர், ஊருக்கு வெளியே கார் உதிரிபாகம் செய்யும் ஆலை. பழைய பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால் கிளை பிழைக்கும். பழைய பழுது விவரங்களோடு நானும் மேலாளருடன் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் போட்டி நிறுவனத்தின் சார்பில் கருங்குழிக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆலையின் கணினிப் பிரிவுத் தலைவர் எங்கள் மேலாளரைத்தான் பார்த்தார். “நிறைய வருஷப் பழக்கம் சார். உங்களுக்கே குடுக்கலாம்னு இருக்கேன். லைன் நின்னா முன்ன மாதிரி ஆள் வருவாங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

வருவார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லா நிறுவனமும் சொல்கிற வார்த்தைதான். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்க ஆள் வரமாட்டாங்க சார். ஆளே இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல நீங்க போன் பண்ணா வேற நாட்டுல யாரோ எடுப்பாங்க.” பிறகு எதிரே கைகாட்டினார். “இவர் வருவார்.”

கருங்குழிக்காரர் தலையைத் தூக்கவே இல்லை.

என் கணவருக்கு அப்போது நிலையான வேலை கிடையாது. அலுவலகம் திரும்பியதும் வாசலிலேயே மேலாளரிடம் கேட்டேன்: “ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?”

“ஆமாம்னு சொல்லிட்டு, நாளைக்கே லைன் நின்னு அவர் போன் பண்ணா நீ இன்னாம்மா சொல்லுவ?”

அவர்மேல் வந்த கோபம் அடங்கவில்லை. சில மாதங்களில் கிளையை மூடினார்கள். கடைசி ஆட்களாக அவரும் நானும் வெளியேறினோம்.

இன்று செங்கல்பட்டு வழியே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் எந்த ஆலைக்குள்ளும் அந்த ஆரஞ்சு டி-ஷர்ட்டில் இருந்த பெயரைப் பார்க்க முடியாது. மேலாளர் செய்தது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்க முடியவில்லை. கிளை மூடி ஓராண்டு கழித்து, செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். வேலைக்காக எங்கோ நேர்முகத் தேர்வுக்குப் போவதாகச் சொன்னார்.

“உனக்கு ஏதாவது அமைஞ்சுதாம்மா?”

“இன்னும் இல்ல சார்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரயில் வந்துவிட்டது. நான் சொல்லிக்கொள்ளாமல் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.