‘மாமா சொன்னவை’ என்றொரு கொப்பி

தங்கச்சி சல்மா மௌத்தாகிவிட்டாள், உயிர் பிரிந்துவிட்டது என்று அவள் புருஷன், என் மச்சான், போனில் சொன்னபோது நான் நாவிதன்வெளியில் வயலுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். மண்வெட்டியைப் போட்டேன், மோட்டார் சைக்கிளை எடுத்தேன், பத்தே நிமிடத்தில் கல்முனையில் நின்றேன். வந்த எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அவளை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். ஆறாம் வகுப்போடு நின்றவன். அதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம். அப்படிப்பட்ட நான்தான், சல்மா தன் மகள் ஹனாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது முதலில் சண்டைக்குப் போனேன்.

“ஊரு சிரிக்கும் புள்ள. குடும்பத்துல படிக்காம உட்டவன் நான் ஒருத்தன் காணாதா?”

“அவ கேள்வி கேக்கிறத நிப்பாட்டிட்டா காக்கா,” என்றாள். “ரெண்டு மாசமா ஒண்டும் கேக்கல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு.”

வாய் ஓயாத பிள்ளைதான் ஹனா. அப்போது ஏழு வயது. சல்மா வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தாள். பிள்ளை எதைக் கேட்டாலும் அவளுடைய பதில் ஒன்றுதான்: “தெரியா மகள். வா, பாப்பம்.” தெரிந்ததற்கும் அதையே சொல்வாள். ஒரு வருடத்தில் பழைய வாய் திரும்பிவிட்டது.

ஒரு நாள் என் கைராசியைப் பற்றிச் சொன்னேன். நான் ஒரு நெல்லைப் போட்டால் பத்தாயிரம் நெல் விளையும் என்றேன். கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். சல்மா சிரிக்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்து, ‘மாமா சொன்னவை’ என்று மட்டையில் எழுதி, மகளிடம் கொடுத்தாள். பழைய பெயின்ற் வாளியில் சேறு நிரப்பி, என் கையாலேயே ஒரு நெல்லைப் போடவைத்தாள்.

“என்ன புள்ள, மாமாவச் சோதிக்கிறயா?”

“நீங்க கதைங்க காக்கா. சரியா பிழையா எண்டு அவ பாப்பா.”

நான்கு மாதம் அந்த வாளியைப் பிள்ளை காவல் காத்தாள். கடைசியில் பாய் விரித்து எண்ணினார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு. “குருவி திண்டதையும் எழுது மகள்,” என்றாள் சல்மா. அதையும் எழுதிவிட்டு, பக்கத்தில் ‘பிழை’ என்று சிவப்பால் போட்டாள் ஹனா. அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் சொன்னதெல்லாம் அந்தக் கொப்பிக்குள் போனது. எல்லாம் பிழை. கல்முனையில் இத்தனை பிழை வாங்கிய ஆள் வேறு இல்லை.

சல்மா போன பிறகு பிள்ளை மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள். கொப்பி அலுமாரிக்கு மேலே கிடந்தது. மச்சானும் நானும் எதிரெதிரே இருந்து களைத்துப்போனோம். இனிப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடலாம் என்றார் அவர். எனக்கு இப்போது அதில் மனமில்லை; வாதாடத் தெம்புமில்லை.

நாற்பதாம் நாள் கத்தம். குர்ஆன் ஓத வந்தவர்களிடம் பத்து நிமிடக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

“எத்தின கிலோமீட்டர் மாமா?”

நாற்பது நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி. கையில் கொப்பி.

“பன்னிரண்டு.”

எழுதினாள். “அப்ப மணிக்கு எழுபத்திரண்டு ஓடணும். உங்கட மோட்டார் சைக்கிள் அப்பிடி ஓடாது. ஆத்தக் கடக்கிற தாம்போதி ரோட்டுல மாடு வேற நிக்கும்.” மறுபடி யோசித்தாள். “பகல் தொழுகைக்கு, ளுஹர் வாங்கு சொல்லக்குள்ளதான் வாப்பா கோல் எடுத்தார். நீங்க வரக்குள்ள ஆக்கள் தொழுதிட்டும் வந்திட்டாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“தாம்போதிக்குக் கிட்ட சைக்கிள நிப்பாட்டிட்டன் மகள். வர ஏலாமப் போச்சு. இருந்து அழுதன்.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியா மகள்,” என்றேன். அது சல்மாவின் சொல். என் வாயில் அதற்கு முன் வந்ததில்லை.

ஹனா குனிந்து ‘சரி’ என்று எழுதினாள். பள்ளிக்கூடத்துப் பேச்சை மச்சான் அன்றைக்கு எடுக்கவில்லை.

என் தங்கச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு ‘சரி’தான்.