மிராசுதார் வீட்டு மரக்கால்

எல்லையம்மாளுக்கு முதுகுவலி எப்போது வந்தது என்று கேட்டால், கல்யாணத்தன்று என்பாள். ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே வாக்கப்பட்டு வந்த மறுநாளே நடவுக்குக் குனிந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வேலையில்லாத நாளில் பனையோலைப் பெட்டி முடைந்து ரோட்டோரம் வைப்பாள். வேளாங்கண்ணிக்குப் போகிற கார்கள் சில நேரம் நிற்கும். பல நேரம் புழுதியைக் கொடுத்துவிட்டுப் போகும்.

கூலிநெல் அளக்கத் தெருவே சேர்ந்து வாங்கிய மரக்கால் அவள் வீட்டில்தான் இருந்தது. மற்ற வீடுகளில் ஆம்பளைகள் இருந்தார்கள். ஊரில் சாராயக்கடையும் புதிதாகத் திறந்திருந்தார்கள். அதனால்தான் இவள் வீட்டில். ஆனால் ஒரு தடவைகூட அதில் அளந்ததில்லை. மிராசுதார் தியாகேசன் தன் வீட்டு மரக்காலில்தான் அளப்பார். அதன் அடிப்பலகை அம்மிக்கல் கனம். வெளியே பார்த்தால் மரக்கால், உள்ளே முக்கால். அதை மாற்றச் சொல்லி வேலைநிறுத்தம் நடந்தது. கொடி பிடித்தார்கள், போலீஸ் வந்தது, அடுப்பு அணைந்தது. கடைசியில் கூலி கொஞ்சம் ஏறியது, மரக்கால் மாறவில்லை.

கூலி அளக்கிற அன்று காலை ஒரு கார் நின்றது. மெட்ராஸ் அதிகாரியும் அவர் மனைவியும். அந்த அம்மா இரண்டு பெட்டி எடுத்தார். கண் வாசலுக்குள் போனது.

"அது இந்த ஊர்லயே செஞ்சதா?"

"ஆமாங்கம்மா. நெல்லு அளக்குற மரக்கா."

"எங்க போனாலும் அந்த ஊர் சாமான் ஒண்ணு வாங்கிட்டு வந்து ஹால்ல வைப்பேன். அதைக் குடுங்களேன், நல்ல விலை தர்றேன்."

பக்கத்து வீட்டு ராமாயி இடுப்பில் கிள்ளினாள். "தலைய ஆட்டிடாத அக்கா, தெரு சாமான்."

எல்லையம்மாளின் வயிறு வேறு சொன்னது. நேற்றுக் கஞ்சிகூட இல்லை. "சும்மா கெட" என்றாள், ராமாயியையா வயிற்றையா தெரியவில்லை.

"இது புதுசும்மா. அசல் பழசு மிராசுதார் வீட்ல இருக்கு. பித்தளைப் பூண் போட்டது, தாத்தா காலத்தது."

"கேட்டா தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

"அய்யாவுக்கு என்னா வேலைங்க?"

"நில உச்சவரம்பு ஆபீஸ்."

"அப்ப ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

சட்டம் மிஞ்சின நிலத்தைப் பிடுங்கிவிடும் என்று தியாகேசன் பாதியை மாட்டுக்காரன் பேரிலும் செத்துப்போன அத்தை பேரிலும் எழுதி வைத்திருந்தார். அந்த ஆபீஸ் அம்மா கேட்டால் வீட்டுத் தூணையே பெயர்த்துக் கொடுப்பார். மரக்காலைத் துடைத்து, துண்டில் சுற்றி, "விலையா, என்னம்மா இது" என்று அவரே கார் டிக்கியில் வைத்தார்.

"களத்துல நெல் அளக்குறாங்களாமே, பாத்துட்டுப் போறோம்" என்றார் அந்த அம்மா.

களத்தில் நெல் குவிந்திருந்தது. அளக்கிற கலியபெருமாள் வெறுங்கையோடு முதலாளியைப் பார்த்தார். முதலாளி டிக்கியைப் பார்த்தார். எல்லையம்மாள் தெரு மரக்காலைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாள்.

"இதுவும் மரக்காதாங்கய்யா."

அதிகாரி பக்கத்திலேயே நின்றார். தியாகேசனின் மீசை மட்டும் அசைந்தது. "அள" என்றார்.

ஒவ்வொரு சாக்கும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பருத்தது. யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எங்கே அளவு குறைந்துவிடுமோ என்ற பயம். கார் போனபோது கடைசிச் சாக்கும் கட்டியாகிவிட்டது.

"கொஞ்சம் சிரியேன் அக்கா" என்றாள் ராமாயி.

"அடுத்த அறுப்புக்குள்ள அவரு புதுசா ஒண்ணு செஞ்சிருவாருடி." எல்லையம்மாள் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "சிரிக்கலாம். மொதல்ல போயி நெல்லக் குத்தி ஒல வைப்போம்."