தாம்போதியில் வெளுத்த கண்ணாடி

இன்று காலை மச்சாளை, அதாவது என் அண்ணனின் மனைவியை, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு எட்டு மாதம். "விடிஞ்சதிலையிருந்து பிள்ளை அசையேல்லை" என்று மட்டும் சொன்னார்.

வேலணை தாண்டியதும் மழை பிடித்தது. கடலுக்கு நடுவே போட்ட தாம்போதிச் சாலையில் போகும்போது முன் கண்ணாடி உட்பக்கமாக ஆவி படிந்து வெளுத்துவிட்டது. துடைக்கத் துடைக்க வெளுத்தது. ஓரமாக நிறுத்தினேன்.

வானமும் இல்லை, கடலும் இல்லை. பாலுக்குள் மிதப்பதுபோல இருவரும் இருந்தோம்.

"காத்து வருதோ?" என்று மச்சாள் கேட்டார்.

"சத்தம் கேக்குது. ஆனா கண்ணாடிக்கு வரேல்லை."

"எல்லாம் என்ரை காலுக்கெல்லோ வருது."

காற்றை மேலே அனுப்பும் திருகியைத் திருப்பினேன். அது சும்மா சுற்றியது. குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவினேன். காற்றின் வழியை மாற்றும் கம்பி கழன்று தொங்கியது. மச்சாள் தன் தலைக் கிளிப்பைக் கழற்றித் தந்தார். அதை வைத்துக் கம்பியைக் கொழுவினேன்.

குளிர்காற்று மேலே ஏறியது. கண்ணாடியின் அடியில் ஒரு கீற்றுக் கடல் தெரிந்தது. பிறகு கொக்குகள். பிறகு வானம்.

"கொஞ்சம் பொறும்" என்று மச்சாள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். உள்ளே யாரோ சோம்பல் முறித்தார்கள்.

ஆனாலும் காரை ஆஸ்பத்திரிக்கே விட்டேன். சோதித்துவிட்டு, பிள்ளை சுகம் என்றார்கள்.

கார் திருத்த நல்ல கராச் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பெயரும் சொல்லலாம். ஆனால் 'தென்றல்' வேண்டாமென்று மச்சாள் இப்போதே சொல்லிவிட்டார்.