வெள்ளையடித்த லயம்

கண்டி ரயில் நிலையத்தில் ஏறும்போதே எனக்கும் சுகந்திக்கும் ஜன்னலோரத்துக்குச் சண்டை. சுகந்தி என் நாத்தனார், கணவரின் தங்கை. எந்த மலைச்சரிவு நிற்கும், எது சரியும் என்று ஆராய்கிற நிலவியல் விஞ்ஞானி. முப்பது வருடமாக நீலகிரியிலும் இமயமலையிலும் மண்ணைக் கிளறிப் பார்த்தவளுக்கு இன்னொரு மலையைப் பார்க்க ஜன்னல் எதற்கு? நான் கோத்தகிரியில் வர்க்கி என்ற மொறுமொறு ரொட்டி சுட்டு விற்கிறவள். பதினொரு பேர் வேலை செய்யும் கடையை ஒரு வாரம் பிறர் கையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னல் எனக்குத்தான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கண்டியில் அவளுக்கு மூன்று நாள் கருத்தரங்கு. மேடையில் அவள் படம் போட்டுப் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. பேசி முடித்ததும் நரைத்த தலைப் பேராசிரியர்கள் வரிசையில் நின்று அவளிடம் சந்தேகம் கேட்டது மட்டும் நன்றாகப் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பொம்பளைப் பிள்ளை பாறையில ஏறுமா?" என்று சொல்லி இவளை வரைபடம் வரைய உட்கார வைத்தார்களாம். ஒரு மழைக்காலத்தில் ஆள் கிடைக்காமல் இவளை அனுப்பினார்கள். ஏறியவள் அப்புறம் இறங்கவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

கருத்தரங்குக்கு வந்த உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் ஒரு மாதம் முன்பே அவளிடம் ஓர் உதவி கேட்டிருந்தார். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கார்த்திகை மழையில் ஒரு லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசை, நிலம் நகர்ந்து வெடிப்பு விட்டுவிட்டது. பத்துக் குடும்பங்களும் மூன்று மாதமாகப் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக்குத் திரும்பலாமா, கூடாதா? இவளும் பார்த்து எழுதிக் கொடுத்தால் முடிவெடுக்கிறவர்களுக்கு உதவியாக இருக்கும். இதுதான் விஷயம். நுவரெலியாவில் பூந்தோட்டம் பார்க்கலாம் என்று நம்பி வந்த என் கதை, கண்டியில் அவள் இதைச் சொன்ன அன்றே முடிந்தது.

நாவலப்பிட்டி தாண்டியதும் வண்டி நடக்கத் தொடங்கியது. வட்டவளை, றொசல்ல என்று சின்னச் சின்ன நிலையங்கள். தண்டவாளத்தை ஒட்டியே தேயிலை. ஹட்டனில் நூறு ரூபாய்க்கு இரண்டு பருப்பு வடையும் காய்ந்த மிளகாய் ஒன்றும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். சுகந்தி என் மடிக்கு மேலே எட்டி எட்டி வெளியே பார்த்து, "அந்த மரமெல்லாம் ஒரே பக்கமா சாயுது பாருங்க அண்ணி" என்றாள்.

"அழகா இருக்கிற இடமெல்லாம் உனக்கு ஆபத்துதானா?"

"செங்குத்தா இருந்தாத்தானே அழகு?"

இந்த வாய்க்குத்தான் எங்கள் ஊரில் அவளுக்குக் 'கூடாதம்மா' என்று பெயர். இங்கே கட்டக் கூடாது, அங்கே வெட்டக் கூடாது. ஆறு வருடம் முன்பு தங்கவேல் என்பவரின் வீட்டைப் பார்த்துவிட்டு, இதில் குடியிருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். அவர் வாடகை வீட்டுக்குப் போனார். அந்த வீடு இன்றும் குத்துக்கல் மாதிரி நிற்கிறது. வாரம் தவறாமல் என் கடைக்கு வந்து, "உங்க நாத்தனார் சொன்ன வீடு இன்னும் விழலையே!" என்று சொல்லிவிட்டுத்தான் வர்க்கி வாங்குவார். வீட்டில் இதைச் சொன்னால் சுகந்தி சிரிப்பாள். அன்றைக்கு மட்டும் ஒரு தோசையோடு எழுந்துவிடுவாள்.

பிற்பகல் ஒரு மணிக்கு நானுஓயாவில் இறங்கினோம். வெயில் இருந்தது, சூடு இல்லை. யோகன் என்ற ஓட்டுநர் வேனோடு காத்திருந்தார். தோட்டத்துக்குப் போய்வர ஐயாயிரம் ரூபாய். நம் பணத்தில் ஆயிரத்து நானூறு சொச்சம். "ஏறுங்கம்மா, முன்னுக்கு ஒக்காந்தா தல சுத்தாது" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டால் கடல் தாண்டி வந்த மாதிரியே இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் சிலோனிலிருந்து திரும்பியவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

நுவரெலியாவுக்கு எட்டு கிலோமீட்டர். அங்கிருந்து கந்தப்பளைக்கு இன்னும் பத்து. வழியெல்லாம் லீக்ஸும் கேரட்டும் பாத்தி கட்டி நின்றன. கந்தப்பளை கடைவீதிக்குப் பிறகு தார் குறைந்து, கல் கூடியது. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தை அடைந்தோம்.

இரண்டு வகுப்பறைகளில் பத்துக் குடும்பம். குறுக்கே சேலை கட்டித் தடுத்திருந்தார்கள். கரும்பலகைக்குக் கீழே அடுக்கிய பானைகள். எங்களை வரவேற்றவர் செல்வமலர். கொழுந்து எடுக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். நனையாமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கக்கூட இல்லை. சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம மக தர்ஷினிய பொண்ணு பாக்க தலவாக்கலையிலேருந்து வர்றாங்கம்மா. வர்றவங்கள பள்ளிக்கூடத்து பெஞ்சுலயா ஒக்கார வைக்கிறது? வீட்டப் பாத்துட்டு, போகலாம்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துருங்க."

"பாக்கிறேங்க" என்றாள் சுகந்தி. அதற்கு மேல் அவள் எப்போதும் சொல்ல மாட்டாள்.

லயம் பள்ளிக்கு மேலே அரைக் கிலோமீட்டர் ஏற்றத்தில் இருந்தது. கடைசித் திருப்பத்தில் சுகந்தி சட்டென்று நின்றாள். ஆய்வாளர் அனுப்பிய படத்தைக் கைபேசியில் எடுத்தாள். படத்தில், காம்பரா என்கிற வீட்டு அறைகளில் நடு அறையின் தரையில் தொடங்கிச் சுவரேறிக் கூரை வரை ஒரு வெடிப்பு, கை நுழையும். எதிரே நின்ற லயத்தில் அப்படி எதுவும் இல்லை. பால்கோவா கட்டி மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"இதை யாருங்க பூசினது?"

கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். யோகன்தான் பதில் சொன்னார். "பெரியவங்க யாராச்சும் தோட்டத்தப் பாக்க வந்தா லயத்துக்கு வெள்ளையடிக்கிறது அந்தக் காலத்துத் துரைமார்லேருந்து வழக்கங்க. இந்தவாட்டி இவங்களே காசு போட்டு அடிச்சிட்டாங்க. இந்தியாவுலேருந்து மேடம் வர்றாங்கன்னா சும்மாவா?"

"ஒடைஞ்ச வீட்டக் காட்டினா எப்படிம்மா பாஸ் பண்ணுவீங்க?" என்றார் செல்வமலர். சேதி வந்த மறுநாளே ஓட்டையெல்லாம் சாந்து வைத்து அடைத்து, சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டதாம். மூன்று வாரம் ஆகிறது.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காய்ச்சலைப் பார்க்க மருத்துவர் வருகிறார் என்று பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்கார வைத்த கதைதான். சுகந்தி காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் ஏறிப் போனாள்.

என்னை இஸ்தோப்பில், அதாவது முன்பக்கத் தாழ்வாரத்தில், நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். செல்வமலர் பால்மா கலந்த தேநீர் கொடுத்தார். தாழ்வாரத் தரையிலும் புதுச் சாந்து. அதன் மேல் நல்ல பெரிய சிக்குக் கோலம். சிவப்பிலும் வெள்ளையிலும் எண்ணெய்ப் பெயின்ட்டால் போட்டது. மாவுக் கோலம் இந்த ஈரத்தில் நிற்காதாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் இந்தப் படியில் ஏறுவதை அவர் மனதில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எந்தப் பாயை எங்கே விரிப்பது என்றுகூட என்னிடம் காட்டினார்.

முக்கால் மணி நேரம் கழித்து சுகந்தி முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். என் காதருகே, "மேலே நில வெடிப்பு இருக்கு அண்ணி. ஆனா அன்னைக்கு வெடிச்சு நின்னதா, இன்னும் நகருதான்னு சொல்ல முடியல. சுவர் வெடிப்பைப் பாக்கலாம்னா அதையும் பூசிட்டாங்க" என்றாள். சேறு ஒட்டிய காலணியைக் கழற்றப் படியில் உட்கார்ந்தாள். ஒரு கயிற்றை அவிழ்த்தவள் மற்றதை மறந்துவிட்டாள். தரையையே பார்த்தாள்.

"இந்தக் கோலம் யாருங்க போட்டது?"

"நான்தாங்க" என்றார் செல்வமலர், முகமெல்லாம் மலர்ந்து.

"எப்ப?"

"சாந்து பூசி, காஞ்ச பெறகு."

"இந்த எடத்துல கோடு விட்டுப் போயிருக்கே. போடும்போதே இப்படியா?"

செல்வமலருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங் கோலத்துல கோடு விடாதுங்க. கோயில் திருவிழாவுக்கே நான்தான் போடுறது. பெசகினா அழிச்சிட்டு மறுபடி போடுவேனே தவிர அப்படியே விட மாட்டேன்." சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தார். விரலை எச்சிலில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்தார். அழுக்கு இல்லை. சிவப்புக் கோடு சாந்தின் நடுவில் அறுந்து, மறுபாதி கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. அடுத்த கோடும் அப்படியே. அதற்கடுத்ததும். நடுவில் மயிரிழையாகத் தொடங்கிய பிளவு சுவரோரம் போகப் போகத் தடித்திருந்தது. அவர் அடுப்படிக்குப் போய்த் தீக்குச்சி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். உள்ளே போய்விட்டது.

எனக்கு அந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால் மேல்தோல் வெடித்தால் உள்ளே மாவு இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது என்பது வர்க்கி சுடுகிறவளுக்குத் தெரியும்.

சுகந்தி மெதுவாகச் சொன்னாள். "நாங்க செய்யறதும் இதேதாங்க. வெடிப்பு மேல சாந்து வெச்சு தேதி போட்டுட்டுப் போவோம். சாந்து வெடிச்சா மண்ணு இன்னும் நகருதுன்னு அர்த்தம். எனக்கு முன்னாடியே நீங்க வெச்சிட்டீங்க."

"அப்ப நாங்க பூசாம விட்டிருந்தா?"

"எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியலைன்னுதான் எழுதியிருப்பேன்."

"தெரியலைன்னா வீட்டுக்கு விட்டிருப்பாங்களா?"

சுகந்தி பொய் சொல்லத் தெரியாதவள். "விட்டிருக்கலாம்" என்றாள்.

செல்வமலர் அந்தக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எங் கையாலயே கெடுத்துக்கிட்டேனே" என்றார். பின்னால் நின்ற ஒருவர் கத்தினார்: "இந்த லயம் எத்தன மழய பாத்துருச்சு! இத்தன வருசமா விழுந்துச்சா? ஒரு கோட்ட பாத்துட்டு வீட்டுக்குப் போகக் கூடாதுங்கிறீங்களே!" ஆளாளுக்குப் பேசினார்கள். மூன்று மாதம் சேலைத் தடுப்புக்குள் வாழ்ந்தவர்களின் கோபம் நியாயமானது. தங்கவேலின் குரலே எனக்குக் கேட்டது.

சுகந்தி எல்லாவற்றையும் கேட்டாள். சத்தம் தணிந்ததும், "விழாம இருந்தா என்னைத் திட்டுங்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் திட்டுங்க. ஆனா திட்டுறதுக்கு நீங்க இருக்கணும்" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. நான் இத்தனை வருடத்தில் அதைக் கேட்டதில்லை.

செல்வமலர் எழுந்து, சேலையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, "பெயின்ட்டு மிச்சம் இருக்கு. தேதி போடணும்னீங்களே" என்றார். சுகந்தி வெள்ளைப் பெயின்ட்டால் அறுந்த கோட்டின் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள். தினமும் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறும்போது பார்த்துப் படம் அனுப்புவதாகச் செல்வமலர் ஒப்புக்கொண்டார். பிறகு கதவைப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்தார்.

பள்ளிக்குத் திரும்பி, கொண்டுவந்த வர்க்கியை எல்லோருக்கும் கொடுத்தேன். "பிஸ்கட்டு மாதிரியும் இருக்கு, ரொட்டி மாதிரியும் இருக்கு" என்று தர்ஷினி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு பொட்டலம் தனியாக அவள் கையில் வைத்தேன். வேறென்ன செய்ய? வேன் மலையிறங்கும்போது யோகன் திடீரென்று, "என் தங்கச்சியும் அந்த லயத்துலதாங்க இருந்துச்சு. நீங்க கூடாதுன்னு சொன்னது நல்லது" என்றார். சுகந்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த முறை ஜன்னலோரத்தை நானே கொடுத்திருந்தேன்.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து சுகந்தி எனக்கு இரண்டு படங்களை அனுப்பினாள். ஒன்றில், மாப்பிள்ளை வீட்டார் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து என் வர்க்கியைத் தின்றுகொண்டிருந்தார்கள். சம்மதம் சொல்லிவிட்டார்களாம். மற்றதில் கோலம். வெள்ளைத் தேதிக்குப் பக்கத்தில், பிளவுக்குள் ஒரு தீப்பெட்டி செங்குத்தாக நின்றது. கூடவே செல்வமலரின் குரல் பதிவு: "தெனம் பாக்குறேம்மா. நீங்க சொன்னது பொய்யாப் போகட்டும்னுதான் பாக்குறேன்." அதற்கு சுகந்தி, "நானும்தாங்க" என்று மட்டும் பதில் போட்டிருந்தாள்.

அந்த வாரமும் தங்கவேல் கடைக்கு வந்தார். "என்னம்மா, உங்க நாத்தனார் சொன்ன வீடு இன்னும் விழலையே!"

நான் கைபேசியை எடுத்துக் கோலத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யார் வீடு?"

"சிலோன்ல. அவ கூடாதுன்னு சொன்ன இன்னொரு வீடு."

"விழுந்துருச்சா?"

"இல்ல, நிக்குது. நிக்கணும்னுதான் எல்லாரும் வேண்டிக்கிறோம். உள்ளே யாரும் படுக்கிறதில்லை."