முழங்காலில் விழுந்த என் மகன்

போன வருடம் மே மாதம், தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். என் மருமகள் மெர்சி கிட்டே வந்து சொன்னாள்: "மாமா, தயவுசெஞ்சு நீங்க ஜெபம் பண்ணாதீங்க."

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சபையில் மூப்பர். உள்ளே என் மகன் ஜோயல் நினைவில்லாமல் கிடந்தான். அவனை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தது என் ஜெபம்தான். சகோதர சகோதரிகளே, இதை மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பூதலூர் பக்கம். ஜோயல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். எங்கள் தெருக் கபடி அணிக்குக் கேப்டன். கோடையில், அறுத்துக் காய்ந்த வயலில் சுற்றுவட்டார அணிகளுக்குப் போட்டி நடக்கும். அந்த முறை இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிரே நின்றது, என் அப்பா பண்ணையாளாக இருந்த ஊரின் அணி. அவர்களை நாங்கள் ஒருமுறையும் ஜெயித்ததில்லை. பையன்களுக்கு அது ஆட்டம். எனக்கு அப்படி இல்லை.

அரையிறுதியை ஜெயித்தால் எதிரே அவர்கள்தான் என்று தெரிந்திருந்ததால், முந்தின ஞாயிறே சபைமுன் எழுந்து நின்று பொருத்தனை செய்தேன். நானும் மகனும் போட்டியன்று விடிந்ததிலிருந்து ஆட்டம் முடியும்வரை தண்ணீரும் தொடாமல் உபவாசம் இருப்போம், கடைசி நிமிடங்களில் கர்த்தர் அவனுக்குப் பலம் தர வேண்டும் என்றேன். ஜோயலை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கபடியில் கடைசியில் எழும்புகிறவன்தான் ஜெயிக்கிறான். அந்த எழுச்சி சோற்றிலிருந்து வரக் கூடாது, ஆண்டவரிடமிருந்து வர வேண்டும் என்று நினைத்தேன். உடம்பைப் பற்றிப் பாடம் நடத்தியவன்தான் இப்படி நினைத்தேன்.

காலையில் அரையிறுதி. சாயங்கால வெயிலில் இறுதி ஆட்டம். இடைவேளையில் மெர்சி குளுக்கோஸ் கரைத்துக் கொண்டுவந்தாள். ஜோயல் டம்ளரை வாங்கிவிட்டான். நான் அதன்மேல் கையை வைத்தேன்.

"இன்னும் ஒரு பாதிதான்டா. பொருத்தனை."

"நாக்கு ஒட்டுதுப்பா."

"ஆண்டவர் பாத்துக்குவார்."

அவன் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். எதிரணிக் கேப்டன் மதியழகன் அந்தப் பக்கமிருந்து கேட்டான்: "என்ன மாப்ள, வீட்ல தண்ணி கூட ஊத்த மாட்டேங்கிறாங்களா? இங்க வா, மோர் இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது ஏளனமாகப் பட்டது.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் நாங்கள் ஆறு புள்ளி பின்தங்கியிருந்தோம். அதன் பிறகு ஜோயல் ஆடியதை இன்றும் பேசுகிறார்கள். ஒருமுறை பாடிப்போய் இரண்டு பேரைத் தொட்டு வந்தான். அடுத்த முறை, மிச்சமிருந்த மூன்று பேரும் அவன் காலையும் இடுப்பையும் பிடித்திருக்க, அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டான். எதிரணி ஆல் அவுட், அதற்கு இரண்டு புள்ளி கூடுதல். விசில் ஊதியது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

ஜோயல் நடுக்கோட்டருகே முழங்காலில் விழுந்தான். நெற்றி மண்ணைத் தொட்டது. பையன்கள் அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். நான் இரண்டு கைகளையும் விரித்து மறித்தேன்.

"தொடாதீங்க. நன்றி சொல்லிட்டிருக்கான்."

நானும் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். நின்றிருந்த சபையாரும் மூடினார்கள்.

மதியழகன் மூடவில்லை. "நகருங்க சார். அவன் ஜெபம் பண்ணல, கண்ணு சொருகிக் கெடக்கு" என்று என்னைத் தள்ளிவிட்டு அவனைப் புரட்டினான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மதியழகன் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு பறந்தான். வழியெல்லாம் மெர்சி ஜோயல்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சாரு?" என்று டாக்டர் கேட்டார். மெர்சி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார் அவர். அதன் பிறகுதான் மெர்சி என்னை ஜெபிக்க வேண்டாம் என்றாள்.

கீழே இறங்கி, வண்டிகள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தேன். ஆண்டவரிடம் பேரம் பேசிப் பழகிய வாய் எனக்கு. அன்று கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. "கேட்க எனக்கு முகமில்லை. அவனைக் கொடும்" என்று மட்டும் சொன்னேன். மதியழகன் டீ வாங்கிவந்து நீட்டினான்.

"குடிங்க சார். நீங்களும் காலையிலேர்ந்து குடிக்கலையாமே."

எவன் தோற்க வேண்டுமென்று ஜெபித்தேனோ, அவன் கையால் வாங்கிக் குடித்தேன்.

டயாலிசிஸ் செய்தார்கள். நாட்கள் நகரவே இல்லை. ஒரு காலையில் நர்ஸ் வந்து, "யூரின் எறங்கிடுச்சுங்க ஐயா" என்றார். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய நற்செய்தியை நான் கேட்டதில்லை.

ஜோயல் பிழைத்தான். இனி ஆடக் கூடாது என்றுவிட்டார்கள். கோப்பை வீட்டில் இருக்கிறது. அதைக் கர்த்தர்தான் கொடுத்தார் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இரண்டாவது ஜெபத்துக்கு அவர் பதில் தந்தார் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

உபவாசம் இருங்கள். நானும் இருக்கிறேன், என் வயிற்றோடு மட்டும். இன்னொருவர் கையிலிருக்கும் டம்ளரை மறிக்காதீர்கள். கொடுக்க எதுவும் இல்லாத நாளிலும் அவரிடம் போங்கள். வெறுங்கையோடு போன என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை.

வீட்டில் சாப்பாட்டு வேளை ஜெபத்தைப் பல மாதங்கள் மெர்சியேதான் செய்தாள். போன மாதம் ஒருநாள், எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பண்ணுங்க மாமா. சுருக்கமா பண்ணுங்க, அவருக்கு தாகமா இருக்கும்."

சுருக்கமாகத்தான் பண்ணினேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, ஜோயல் அதற்குள் பாதி டம்ளர் குடித்திருந்தான்.